ஒரே கணினியில் இன்னொரு இயங்குதளம்: விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவை நிறுவும் முறை

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர் லினக்ஸ் கற்க விரும்பினால், வட்டைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே நிறுவிக்கொள்ளுமாறுதான் பலரும் ஆலோசனை சொல்கிறார்கள். புதியவருக்கு அது நல்ல தொடக்கம் அன்று என்பது என் உறுதியான கருத்து. வட்டைப் பிரிக்கும்போது ஓரிடத்தில் தவறாகத் தேர்வு செய்துவிட்டால், பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் ஆவணங்களும் போய்விடக்கூடும். அந்த அச்சத்தோடு உட்கார்ந்திருப்பவர் எதையும் துணிந்து சோதித்துப் பார்க்கமாட்டார். மெய்நிகர் கணினியில் எதைக் கெடுத்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆகவே இக்கட்டுரை, விண்டோஸ் 11 இயங்கும் ஒரு கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் 24.04 பதிப்பை இயக்கும் முறையைத் தொடக்கம் முதல் சொல்கிறது.

மெய்நிகர் கணினி என்பது என்ன

உண்மையான கணினியின் நினைவகத்திலும் ப்ராசசரிலும் வட்டிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மென்பொருள் உருவாக்கித் தரும் தனிக் கணினியே மெய்நிகர் கணினி. அதற்கெனத் தனி பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), தனி வட்டு, தனி நெட்வொர்க் அட்டை ஆகிய எல்லாம் உண்டு. இந்தப் பங்கீட்டைச் செய்யும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை ஹோஸ்ட் என்றும், சாளரத்துக்குள் ஓடப்போகும் உபுண்டுவை கெஸ்ட் என்றும் அழைப்பது வழக்கம். விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியல்களிலும் இச்சொற்களே இருப்பதால் இவற்றையே பயன்படுத்துகிறேன்.

இந்தத் தொழில்நுட்பம் புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்துகாட்டி, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அறிவித்தது. வீட்டுக் கணினிகளுக்கு இது பரவலாக வந்தது 1999இல், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மூலமாகத்தான். அக்காலத்து வீட்டுக் கணினி ப்ராசசர்கள் இப்பணிக்கென வடிவமைக்கப்படாதவை என்பதால், எல்லாவற்றையும் மென்பொருள் உத்திகளாலேயே சமாளிக்க வேண்டியிருந்தது. பின்னர் 2005இல் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியையும், 2006இல் ஏஎம்டி நிறுவனம் ஏஎம்டி-வி என்ற வசதியையும் ப்ராசசருக்குள்ளேயே சேர்த்தன. இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம், அந்த வசதி பல கணினிகளில் இன்றும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதுதான். புதியவர்கள் முதலில் தடுக்கி நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

விர்ச்சுவல்பாக்ஸ், ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் உருவாக்கி 2007இல் திறந்த மூலமாக வெளியிட்ட மென்பொருள். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியது. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியதால் இப்போது ஆரக்கிளின் பெயரில் வெளிவருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே முகப்போடு கிடைப்பதால் கற்பதற்கு இதையே பரிந்துரைக்கிறேன். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். வரைகலை வேகத்தில் அது சற்று மேலானது. விண்டோஸின் ப்ரோ பதிப்பில் இதே பணியைச் செய்யும் ஹைப்பர்-வி உள்ளேயே இருக்கிறது, ஹோம் பதிப்பில் இல்லை. லினக்ஸை ஹோஸ்டாக வைத்திருப்பவர்களுக்கு, 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம் சிறந்தது. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் கீழே சொல்லப்படும் அடிப்படைகள் மாறுவதில்லை.

கனமான விளையாட்டுகளோ உயர்தரக் காணொளித் தொகுப்போ உங்கள் நோக்கமானால் மெய்நிகர் கணினி உதவாது. அதற்கு நேரடி நிறுவலே வழி. லினக்ஸ் கட்டளை வரி மட்டும் போதுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இன்னும் இலகுவானது. முழுமையான ஓர் இயங்குதளத்தை அதன் திரையோடும் அமைப்புகளோடும் அறிய விரும்புவோருக்கே இக்கட்டுரை.

தொடங்கும் முன் கணினியைச் சோதித்தல்

முதலில் நினைவகத்தைப் பாருங்கள். ஹோஸ்டும் கெஸ்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால், ரேம் இரண்டுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். 8 ஜிபி இருந்தால் கற்கலாம். 16 ஜிபி இருந்தால் நிம்மதியாகக் கற்கலாம். 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் உபுண்டுவை முயல்வது வீண் சலிப்பையே தரும். அப்படிப்பட்டவர்கள் லுபுண்டு போன்ற எடை குறைந்த பதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அதிலும் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். வட்டில் குறைந்தது 50 ஜிபி காலியாக இருப்பது நல்லது. அந்த வட்டு எஸ்எஸ்டியாக இருப்பது, ப்ராசசரின் தலைமுறையைவிட முக்கியமானது. பழைய சுழலும் வட்டில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முனையும்போது இரண்டுமே தவழத் தொடங்கிவிடும்.

அடுத்து, ப்ராசசரின் மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைச் சொடுக்கினால், வலதுபுறம் கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரி தென்படும். அதில் எனேபிள்டு என்று இருந்தால் இப்பகுதியின் மீதியைத் தாண்டிச் செல்லலாம்.

டிசேபிள்டு என்று இருந்தால் பயாஸுக்குள் நுழைய வேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பல விண்டோஸ் 11 கணினிகளில், உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் மாற்றம் செய்தபின் விண்டோஸ் சில நேரம் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

பயாஸுக்குள் நுழையும் விசை கணினிக்குக் கணினி மாறும். டெல் கணினிகளில் எஃப்2, எச்பி கணினிகளில் எஃப்10 என்பது வழக்கம். விசையைத் தேடிக் களைப்பதைவிட, விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெக்கவரி, அங்கே அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் என்று சென்று மறுதொடக்கம் செய்து, பின்னர் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று தேர்ந்தால் எந்தக் கணினியிலும் அங்கே போய்ச் சேரலாம். இன்டெல் கணினியில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி கணினியில் பெரும்பாலும் எஸ்விஎம் மோடு என்றும் அந்த வசதி குறிக்கப்பட்டிருக்கும். அதை மட்டும் எனேபிள்டு ஆக்கிச் சேமித்து வெளியேறுங்கள். அங்குள்ள வேறு எதையும் தொட வேண்டாம்.

இரண்டு கோப்புகளைப் பெறுதல்

விர்ச்சுவல்பாக்ஸை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தும், உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) உபுண்டுவின் தளத்திலிருந்தும் மட்டுமே பதிவிறக்க வேண்டும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்புகள் சில நேரம் போலித் தளங்களுக்கு இட்டுச் செல்லும். உபுண்டு 24.04 ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2024 ஏப்ரலில் வெளிவந்த அதற்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. கோப்பின் அளவு ஏறக்குறைய 6 ஜிபி என்பதால், கைபேசி இணைப்பைப் பகிர்ந்து பயன்படுத்துவோர் அன்றாடத் தரவு வரம்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு பெரிய கோப்பு இறங்கும்போது இடையில் பழுதாவது உண்டு. அப்படிப் பழுதான கோப்பைக் கொண்டு நிறுவினால், பாதி வழியில் காரணம் தெரியாத பிழைகள் வரும். உபுண்டு தளம் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை வெளியிடுகிறது. செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால், கோப்பின்மீது வலது சொடுக்கி அதே எண்ணைக் கணக்கிடச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸை நிறுவும்போது மூன்று செய்திகள் தோன்றக்கூடும். மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ தொகுப்பு இல்லை என்று வந்தால், அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முதலில் நிறுவிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். பைத்தான் தொடர்பான கூறுகள் இல்லை என்று வந்தால், ஆம் என்று சொல்லி மேலே போகலாம். அவை நிரல் எழுதுவோருக்கு மட்டுமே வேண்டியவை. நெட்வொர்க் இணைப்பு சற்று நேரம் துண்டிக்கப்படும் என்று வருவது உண்மையிலேயே நடக்கும் என்பதால், இணையவழி வகுப்பின் நடுவில் இதைச் செய்யாதீர்கள். தளத்தில் தனியாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தொடக்கத்தில் தேவையில்லை. அதற்குத் தனி உரிமம் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்கு அப்படியன்று.

மெய்நிகர் கணினியை உருவாக்குதல்

விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து நியூ என்பதைச் சொடுக்குங்கள். பெயர் கேட்கும் இடத்தில் உபுண்டு என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால், அதற்குரிய வகையை மென்பொருள் தானே தேர்ந்துகொள்ளும். கோப்புகள் சேமிக்கப்படும் இடத்தை இப்போதே தீர்மானியுங்கள். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறைக்குள் வைக்கக்கூடாது. பல ஜிபி அளவுள்ள கோப்பு ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டிருப்பதால், ஒத்திசைவு உங்கள் இணையத்தையும் உறிஞ்சும், கோப்பையும் கெடுக்கக்கூடும். பிறகு, பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சுட்டிக்காட்டுங்கள்.

இந்தத் திரையிலேயே, ஆளில்லாமல் தானாக நிறுவிக்கொள்ளும் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன் என்ற வசதி இருக்கும். அதைத் தவிர்க்கும்படி தேர்வு செய்யுங்கள். வேலை மிச்சம் என்று தோன்றினாலும், அது தன்னிச்சையாக ஒரு பயனர் பெயரையும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லையும் வைத்துவிடும். உருவாக்கப்படும் பயனருக்கு நிர்வாக உரிமை இல்லாமல் போய்ப் பலர் திண்டாடியிருக்கிறார்கள். அதைவிட, நிறுவும் படிகளை நீங்களே ஒருமுறை கடந்து வருவதுதான் கற்றல்.

நினைவகத்தைப் பங்கிடுவதில்தான் நிதானம் வேண்டும். அதிகம் கொடுத்தால் கெஸ்ட் வேகமாக ஓடும் என்று நினைத்து, 8 ஜிபியில் 6 ஜிபியைக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. அப்போது விண்டோஸுக்கு இடம் போதாமல், அது வட்டை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும்; விண்டோஸ் தடுமாறினால் அதன்மேல் ஓடும் கெஸ்டும் சேர்ந்தே தடுமாறும். 8 ஜிபி உள்ளவர்கள் 4096 எம்பிக்கு மேல் போக வேண்டாம், உலாவியையும் மூடி வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி உள்ளவர்கள் 6 முதல் 8 ஜிபி வரை கொடுக்கலாம். ப்ராசசர் கோர்கள் இரண்டு போதும். மொத்தக் கோர்களில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நலம்.

வட்டுக்கு உபுண்டு கேட்பது 25 ஜிபி. ஆனால் சில மாதப் புதுப்பிப்புகளிலேயே அது நெருக்கடியாகிவிடும் என்பதால் 40 ஜிபி என்று கொடுங்கள். அந்த 40 ஜிபியும் உடனே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. இயல்பான தேர்வில் விடிஐ என்ற வகைக் கோப்பு சிறியதாகத் தொடங்கி, கெஸ்டுக்குள் நிரம்ப நிரம்ப வளரும். ஆனால் கெஸ்டுக்குள் நீங்கள் கோப்புகளை அழித்தாலும் அது தானாகச் சுருங்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கும் தேர்வை விட்டுவிடலாம்.

உருவாக்கி முடித்தபின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குச் சென்று, வீடியோ நினைவகத்தை 128 எம்பி ஆக்குங்கள். முப்பரிமாண வேகமூட்டலை இப்போது அணைத்தே வையுங்கள். சில வரைகலை அட்டைகளில் அது கறுப்புத் திரையைத் தரும். எல்லாம் சரியாக ஓடிய பிறகு வேண்டுமானால் இயக்கிப் பார்க்கலாம்.

உபுண்டுவை நிறுவுதல்

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் சாளரம் திறந்து, உபுண்டுவை முயன்று பார்க்கவோ நிறுவவோ சொல்லும் தொடக்கப் பட்டியல் தோன்றும். முதல் வரியைத் தேர்ந்து என்டர் அழுத்துங்கள். மொழி, விசைப்பலகை, இணைய இணைப்பு ஆகியவற்றைக் கேட்டபின் நிறுவும் முறையைக் கேட்கும்.

இங்கே, வட்டை அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவு என்று பொருள்படும் ஒரு தேர்வு வரும். புதியவர்களின் கை நடுங்குவது இந்த இடத்தில்தான். அஞ்ச வேண்டாம். கெஸ்டின் கண்ணுக்குத் தெரியும் வட்டு, நீங்கள் சற்று முன் உருவாக்கிய 40 ஜிபி கோப்பு மட்டுமே. உங்கள் விண்டோஸும் படங்களும் இருக்கும் வட்டை அது பார்க்கவே முடியாது. திரையில் காட்டப்படும் வட்டின் பெயரில் விபாக்ஸ் என்ற சொல்லும் நீங்கள் கொடுத்த அளவும் இருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடருங்கள். இதே தேர்வை நேரடி நிறுவலில் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபின், கணினியின் வேகத்தைப் பொறுத்து நிறுவல் முடியச் சற்று நேரம் ஆகும். முடிந்ததும் மறுதொடக்கம் கேட்கும். நிறுவல் ஊடகத்தை அகற்றச் சொல்லும் இடத்தில் என்டரை அழுத்தினால் போதும். மீண்டும் நிறுவல் திரையே வந்தால், டிவைசஸ் பட்டியலில் ஆப்டிக்கல் டிரைவ்ஸ் என்பதற்குள் சென்று ஐஎஸ்ஓவை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

மவுஸ் சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தால், விசைப்பலகையின் வலதுபுறக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை அழுத்துங்கள். இதற்கு ஹோஸ்ட் விசை என்று பெயர். அதனோடு எஃப் விசையைச் சேர்த்து அழுத்தினால் கெஸ்ட் முழுத்திரையாகும், மீண்டும் அழுத்தினால் திரும்பும்.

தமிழில் தட்டச்சுச் செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் நீங்கள் அமைத்திருக்கும் தமிழ் விசைப்பலகை கெஸ்டுக்குள் வராது, ஏனெனில் எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவல் மட்டுமே உள்ளே போகிறது. உபுண்டுவின் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குள் சென்று, உள்ளீட்டு மூலங்களில் தமிழைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தமிழ்99 அமைப்பும் அங்கே கிடைக்கும்.

கெஸ்ட் அடிஷன்ஸ்

நிறுவி முடித்தவுடன் உபுண்டு ஒரு சிறிய சதுரத்துக்குள் ஓடுவதைப் பார்த்துப் பலர் ஏமாற்றமடைகிறார்கள். சாளரத்தின் அளவுக்கேற்பத் திரை விரிவதற்கும், இரு பக்கமும் நகலெடுத்து ஒட்டுவதற்கும், கோப்புறைகளைப் பகிர்வதற்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற தொகுப்பைக் கெஸ்டுக்குள் நிறுவ வேண்டும்.

முதலில் உபுண்டுவின் புதுப்பிப்புகளை எல்லாம் நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள். இந்தத் தொகுப்பு உங்கள் கெர்னலுக்கேற்பத் தன்னை அங்கேயே தொகுத்துக்கொள்ளும் தன்மையுடையது; அதற்கு ஜிசிசி (gcc), மேக் (make), பெர்ல் (perl) ஆகிய மூன்று நிரல் கருவிகள் உபுண்டுவில் இருக்க வேண்டும். கட்டளைச் சாளரமான டெர்மினலைத் திறந்து, மென்பொருள் நிறுவும் ஏபிடி (apt) கட்டளையால் அவற்றை முன்கூட்டியே நிறுவிவிட்டால், பலர் முட்டிக்கொள்ளும் பிழைச் செய்தியைக் காணாமலேயே போகலாம். அதன்பின் டிவைசஸ் பட்டியலில் கெஸ்ட் அடிஷன்ஸ் குறுவட்டைச் செருகும்படி சொல்லுங்கள். உபுண்டுவின் கோப்பு மேலாளரில் அந்தக் குறுவட்டைத் திறந்து, ஆட்டோரன் என்ற பெயருள்ள கோப்பை வலது சொடுக்கி நிரலாக இயக்கி, கடவுச்சொல் கொடுத்து, முடிந்ததும் மறுதொடக்கம் செய்யுங்கள். திரை இப்போது சாளரத்தோடு விரியும்.

நகலெடுத்து ஒட்டுவதை டிவைசஸ் பட்டியலில் ஷேர்டு கிளிப்போர்டு என்பதில் இருவழியாக அமைக்கலாம். அமைத்தும் வேலை செய்யாவிட்டால், உபுண்டுவிலிருந்து வெளியேறி, கடவுச்சொல் திரையின் கீழ் மூலையிலுள்ள பல்சக்கரத்தைச் சொடுக்கி, சோர்க் என்ற பெயருள்ள தேர்வில் நுழைந்து பாருங்கள். பகிர்ந்த கோப்புறையை அமைத்தபின் அனுமதி இல்லை என்று உபுண்டு சொன்னால், உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் (vboxsf) என்ற குழுவில் சேர்த்து மறுதொடக்கம் செய்வதே தீர்வு. பகிர்வதற்கென்று வெறுமையான தனிக் கோப்புறை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழு ஆவணக் கோப்புறையையும் பகிர்ந்துவிட்டால், கெஸ்டுக்குள் தவறிச் செய்யும் அழிப்பு உண்மையான கோப்புகளையே அழிக்கும். மெய்நிகர் கணினியின் மிகப் பெரிய பாதுகாப்பை நாமே நீக்கிவிட்டதாகும்.

ஸ்னாப்ஷாட்

எல்லாம் சரியாக ஓடும் இந்தத் தருணத்தில், வேறு எதையும் செய்யும் முன் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது கெஸ்டின் இப்போதைய நிலையின் பதிவு, எடுங்கள். கெஸ்டை நிறுத்திவிட்டு எடுத்தால் அளவு சிறியதாக இருக்கும். பெயரில் அப்போதைய நிலையை எழுதுங்கள். புதிதாக நிறுவியது, கெஸ்ட் அடிஷன்ஸ் உண்டு என்பதுபோல. இனி ஒரு வழங்கியை (சர்வரை) அமைத்துப் பார்க்கலாம், கணினி அமைப்புக் கோப்புகளைத் திருத்தலாம், இயங்குதளம் எழவே முடியாதபடி கெடுக்கலாம். ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்து ரீஸ்டோர் செய்தால் பழைய நிலை வந்துவிடும். கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்களுக்குக் கணினி நிர்வாகம் கற்பிப்போர் இந்த ஒரு வசதியை முதல் வகுப்பிலேயே காட்டிவிட வேண்டும் என்று விரும்புகிறேன். கெடுத்துப் பார்த்துச் சரிசெய்யும் சுதந்திரம் கிடைத்த மாணவர், குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டளை அடிப்பவரைவிட வேகமாக வளர்கிறார்.

ஸ்னாப்ஷாட் எடுத்ததும் விர்ச்சுவல்பாக்ஸ் பழைய வட்டுக் கோப்பை அப்படியே உறையவைத்து, அதன்பின் நிகழும் மாற்றங்களை மட்டும் புதிய கோப்பில் எழுதுகிறது. அடுத்தடுத்து எடுக்கும் ஒவ்வொன்றும் முந்தையதைச் சார்ந்தே நிற்கும். இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, இருபது ஸ்னாப்ஷாட் சேர்ந்தால் வட்டு நிரம்பும். தேவையற்றதை விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும், விண்டோஸில் கோப்பை நேரடியாக அழித்தால் சங்கிலி அறுந்து எல்லாம் போய்விடும். மற்றொன்று, ஸ்னாப்ஷாட் காப்புநகல் ஆகாது. மூல வட்டுக் கோப்பு கெட்டால் அதுவும் கெடும். முக்கியமான மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, அதன் முழுக் கோப்புறையையும் வெளி வட்டில் நகலெடுத்து வையுங்கள். எக்ஸ்போர்ட் வழியாக ஓவிஏ கோப்பாகவும் எடுக்கலாம், ஆனால் அதில் ஸ்னாப்ஷாட்டுகள் சேராது.

சாளரத்தை மூடும்போது வரும் மூன்று தேர்வுகளையும் பிரித்தறிய வேண்டும். நிலையைச் சேமித்தல் என்பது எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவைத்து அடுத்த முறை அதே இடத்திலிருந்து தொடரும். நிறுத்தும் சமிக்ஞை அனுப்புதல் என்பது முறையான நிறுத்தம். பவர் ஆஃப் என்பது ஓடும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். கெஸ்ட் முற்றிலும் உறைந்துவிட்டாலன்றி அதைத் தொடாதீர்கள்.

வலையமைப்பு

இயல்பாக வரும் அமைப்பு என்ஏடி. இதில் கெஸ்ட் பொதுவாக 10.0.2.15 என்ற முகவரியைப் பெற்று, ஹோஸ்டின் வழியாக இணையத்துக்குச் செல்லும். வெளியிலிருந்து அதை யாரும் நேரடியாக அணுக முடியாது. கற்பதற்கு இதுவே போதும், பாதுகாப்பும் கூட. பிரிட்ஜ்டு அமைப்பில் கெஸ்ட் உங்கள் வீட்டு ரவுட்டரிடமிருந்து தனி முகவரி பெற்று, தனிக் கணினியாகவே தோன்றும். கெஸ்டில் ஓடும் வழங்கியைக் கைபேசியிலிருந்து திறந்து பார்க்க அது உதவும், ஆனால் அலுவலகத்திலோ கல்லூரியிலோ நிர்வாகியின் அனுமதியின்றி அப்படி இணைக்கக்கூடாது. சில வைஃபை அட்டைகளில் அது வேலையும் செய்யாது. இரண்டு கெஸ்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் வெறும் என்ஏடி போதாது, என்ஏடி நெட்வொர்க் என்ற தனி அமைப்பைத் தேர வேண்டும். ஹோஸ்டும் கெஸ்டும் மட்டும் பேச வேண்டுமானால் ஹோஸ்ட்-ஒன்லி.

விண்டோஸைக் கெஸ்டாக வைத்தல்

இதே முறையில் விண்டோஸையும் கெஸ்டாக ஓட்டலாம். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், 2022இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் மெய்நிகர் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது. கெஸ்டாக ஓடினாலும் விண்டோஸுக்குத் தனி உரிமம் வேண்டும். சோதனைக்கு மட்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் எண்டர்பிரைஸ் மதிப்பீட்டுப் பதிப்பு போதும்.

தமிழர்களுக்கு இதில் தனியான ஒரு பயன் உண்டு. யுனிகோடு பரவலாவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்களிலும் அக்காலப் பதிப்பக மென்பொருள்களிலும் தட்டச்சுச் செய்யப்பட்ட ஏராளமான மலர்களும் நூல்களும் இன்னும் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாதபோது, உரிமமுள்ள பழைய விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் கணினியில் நிறுவி, கோப்பைத் திறந்து, உரையை வெளியே எடுத்து யுனிகோடுக்கு மாற்றலாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், அப்படிப்பட்ட கெஸ்டின் நெட்வொர்க் அட்டையைச் செட்டிங்ஸில் முழுமையாக அணைத்துவிட வேண்டும்.

நச்சுநிரல்களைத் திறந்து பார்க்க மெய்நிகர் கணினி போதுமான அரண் என்று புதியவர்கள் நம்பிவிடக்கூடாது. 2015இல் கண்டறியப்பட்ட வெனம் என்ற ஓட்டை, யாரும் பயன்படுத்தாத நெகிழ்வட்டு இயக்கியின் நிரல் வழியாகவே கெஸ்டிலிருந்து வெளியேற இடம் கொடுத்தது. விர்ச்சுவல்பாக்ஸும் அதில் பாதிக்கப்பட்டது. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸின் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

விடி-எக்ஸ் கிடைக்கவில்லை, அல்லது ஏஎம்டி-வி பயாஸில் அணைக்கப்பட்டுள்ளது என்று செய்தி வந்தால், பயாஸ் பகுதியை மீண்டும் படியுங்கள். புதிய கணினியை உருவாக்கும்போது 32 பிட் வகைகள் மட்டுமே பட்டியலில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் அதுவே.

கெஸ்ட் ஓடுகிறது, ஆனால் தாங்க முடியாத மெதுவாக ஓடுகிறது என்றால், சாளரத்தின் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமைச் சின்னம் இருந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி ப்ராசசரின் வசதியைத் தன்வசம் வைத்துக்கொண்டு, விர்ச்சுவல்பாக்ஸை அதன் வழியாகச் சுற்றி ஓட விட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி, டபிள்யூஎஸ்எல்2 பயன்படுத்தும் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், ஹைப்பர்-வி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இவற்றில் மெமரி இன்டெக்ரிட்டி உண்மையான பாதுகாப்பு வசதி என்பதால், வேகம் சகிக்கக்கூடியதாக இருந்தால் அதை அணைக்காமல் விடுவதே என் பரிந்துரை.

ஆர்ம் வகை ப்ராசசர் உள்ள கணினிகளில், 2020 முதல் வரும் ஆப்பிள் எம் வரிசை மேக்குகள் உட்பட, இங்கே சொன்ன சாதாரண ஐஎஸ்ஓ உதவாது. ஆர்முக்கென வெளியிடப்படும் உபுண்டுவைத் தனியாகப் பெற வேண்டும்.

மெய்நிகர் கணினியை இன்னொன்றாகப் பிரதியெடுக்க, விடிஐ கோப்பை மட்டும் நகலெடுத்துச் சேர்த்தால் அடையாள எண் மோதல் என்று மறுக்கும். க்ளோன் கட்டளையைப் பயன்படுத்தி, நெட்வொர்க் அட்டைகளுக்குப் புதிய மேக் முகவரி (அட்டையின் தனி அடையாள எண்) உருவாக்கும்படி தேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சிக்கலின்றி ஓடும். 40 ஜிபி போதாமல் போனால் விர்ச்சுவல்பாக்ஸின் வட்டு மேலாளரில் அளவைக் கூட்டலாம், ஆனால் அதன்பின் உபுண்டுவுக்குள் சென்று வட்டுப் பிரிவையும் விரிவாக்க வேண்டும். இதற்கு முன் முழுக் கோப்புறைக்கும் காப்புநகல் எடுத்துவிடுங்கள்.

பழகி முடித்த மெய்நிகர் கணினி இனி வேண்டாமென்றால், பட்டியலில் அதை வலது சொடுக்கி ரிமூவ் என்பதைத் தேருங்கள். பட்டியலிலிருந்து மட்டும் நீக்குவதா, எல்லாக் கோப்புகளையும் அழிப்பதா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தால் வட்டில் இடம் திரும்பக் கிடைக்காது, ஆனால் பின்னர் ஆட் கட்டளையால் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் ஸ்னாப்ஷாட்டுகளோடு சேர்த்து அனைத்தும் மீட்க முடியாதபடி நீங்கும். பகிர்ந்த கோப்புறையில் வைத்தவை விண்டோஸில் இருப்பதால் அவை அப்படியே இருக்கும். கெஸ்டுக்குள்ளேயே எழுதி வைத்தவற்றை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று பார்த்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.